வைஃபை தகராறு செய்கிறதா? நிர்வாக மென்பொருளை மாற்றுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்

லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் வைஃபை மக்கர் செய்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, "இந்த மென்பொருள் சரியில்லை, வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம்" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டே நாளில், வைஃபை இணைப்பை நிர்வகிக்கும் மூன்று மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிலைமை முன்பைவிட மோசமானது. மூன்றாம் நாள்தான் விஷயம் உறைத்தது: மூன்றுமே ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. புதியதை நிறுவினேனே தவிர, பழையதை நிறுத்தவே இல்லை.

அதனால் "எது நல்ல மென்பொருள்" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் கோளாறு எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்ப்போம். பாதிக்குப் பாதி நேரம் நிர்வாக மென்பொருளின் மேல் தப்பே இருக்காது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போலச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

## யார் என்ன வேலை செய்கிறார்கள்

அடியில் இருப்பது வைஃபை கார்டு. அதை ஓட்டுவது லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள டிரைவரும், கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேரும். அதற்கு மேலே, ரூட்டரிடம் பாஸ்வேர்டை நிரூபித்து உள்ளே நுழையும் ஆள். இந்த வேலையைச் செய்பவை நடைமுறையில் இரண்டுதான்: 2003-இலிருந்து இருக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், இன்டெல்காரர்கள் எழுதிய ஐடபிள்யூடி. பிந்தையதன் 1.0 பதிப்பு 2019-இல் வந்தது. நுழைந்த பிறகு ஐபி முகவரி வாங்க ஒரு டிஹெச்சிபி கிளையன்ட் வேண்டும், பெயர்களைத் தேட டிஎன்எஸ் வேண்டும். இவர்கள் எல்லாரையும் மேய்ப்பவர்தான் நிர்வாகி. நெட்வொர்க்மேனேஜர், கான்மேன் போன்றவை இந்த வகை.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நெட்வொர்க்மேனேஜர் தானாக ரூட்டரிடம் பேசுவதில்லை. டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறது. கான்மேனும் வழக்கமாக அதையேதான் கூப்பிடுகிறது. ஆக, பாஸ்வேர்டு கட்டத்தில் இணைப்பு உடைகிறது என்றால் நெட்வொர்க்மேனேஜரைத் தூக்கிவிட்டுக் கான்மேனைப் போடுவது, வண்டி ஓடவில்லை என்று சீட் உறையை மாற்றுவது மாதிரி.

## அறிகுறி: வைஃபை என்ற சொல்லே எங்கும் இல்லை

அமைப்புகளில் வைஃபை பகுதி காணோம், அல்லது "அடாப்டர் இல்லை" என்கிறது. இதற்கும் நிர்வாகிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடியுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்று வந்தால் மென்பொருள் வழியாக அணைக்கப்பட்டிருக்கிறது. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்சையோ, விமானப் படம் போட்ட விசையையோ தேடுங்கள். அந்தச் சுவிட்சு இருப்பதே பலருக்குத் தெரியாது. பையில் வைக்கும்போது தள்ளுப்பட்டிருக்கும்.

அடுத்து 'எல்எஸ்பிசிஐ மைனஸ் கே'. பட்டியலில் வைஃபை கார்டின் பெயருக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. வரி இருந்தும் கார்டு வேலை செய்யவில்லை என்றால் 'டிஎம்இஎஸ்ஜி' வெளியீட்டில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்ற புலம்பல் இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துவோருக்கு இது பழகிய தலைவலி. 2023-இல் வந்த டெபியன் 12 முதல்தான் கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேர்கள் நிறுவல் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் விடப்பட்ட கார்டை லினக்ஸால் எழுப்ப முடியாமல் போகலாம். விண்டோஸில் அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்து பாருங்கள்.

## அறிகுறி: கார்டு தெரிகிறது, ஆனால் "அன்மேனேஜ்டு" என்கிறது

'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' அடித்தால் வைஃபை வரிக்கு நேராக 'அன்மேனேஜ்டு' என்று வருகிறதா? "இது என் பொறுப்பில்லை" என்று நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கி நிற்கிறது. யாரோ அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். டெபியன் வகைகளில் அந்த யாரோ பெரும்பாலும், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள் 'நெட்வொர்க்' உள்ளே இருக்கும் 'இன்டர்ஃபேசஸ்' என்ற கோப்பு. நிறுவும்போதே வைஃபை வழியாக இணைந்திருந்தால் கார்டின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கலாம். அதில் பெயர் இருக்கும் கார்டை நெட்வொர்க்மேனேஜர் தொடாது. அந்தக் கார்டுக்கான வரிகளுக்கு முன்னால் ஆளுக்கொரு '#' போட்டுவிட்டு மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. 'லோ' என்ற லூப்பேக் வரிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: இணைகிறது, விடுகிறது, மறுபடி இணைகிறது

நான் சிக்கிய இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சின்னம் சுற்றும், இணைந்தேன் என்று சொல்லும், ஒரு பக்கம் திறப்பதற்குள் போய்விடும். சில நொடியில் மறுபடி சுற்றும். பார்ப்பவருக்கு ரூட்டர் மேல்தான் சந்தேகம் வரும். அதே ரூட்டரில் ஃபோன் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு டெர்மினலைத் திறந்து, கணினியின் நிகழ்வுப் பதிவை (லாக்) உடனுக்குடன் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் எஃப்' ஓடவிட்டு, இணைப்பு விழும் வரை காத்திருங்கள். விழும் நொடியில் கெர்னல் எழுதும் வரியில் ஒரே ஒரு சொல்லின் கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். 'டிஆதென்டிகேட்டட் ஃப்ரம்' என்று வந்தால் ரூட்டர் நம்மை வெளியே அனுப்பியிருக்கிறது. 'டிஆதென்டிகேட்டிங் ஃப்ரம்' என்று தொடங்கி 'பை லோக்கல் சாய்ஸ்' என்றும் காரண எண் 3 என்றும் வந்தால், ரூட்டர் ஒன்றும் செய்யவில்லை. நம் லேப்டாப்பே கையை உதறிவிட்டு வந்திருக்கிறது. எண் 3-க்கு "நான் கிளம்புகிறேன்" என்று பொருள்.

என் லாக்கில் இந்த 'பை லோக்கல் சாய்ஸ்' வரிசையாக நின்றது. நான் கிளம்பச் சொல்லவில்லையே, யார் சொன்னது? பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை 'சிஸ்டம்சிடிஎல்' மூலம் பட்டியலிட்டேன். நெட்வொர்க்மேனேஜர், டபிள்யூபிஏ சப்ளிகன்ட், ஐடபிள்யூடி, கான்மேன், போதாக்குறைக்கு டிஹெச்சிபிசிடி என்ற டிஹெச்சிபி கிளையன்ட். ஒருவர் இணைப்பார், மற்றவர் "இந்தக் கார்டு என்னுடையதாயிற்றே" என்று பறித்துத் தன் பட்டியலை எடுக்கத் தொடங்குவார். ஒரே உறையில் இரண்டு கத்தி இருந்தாலே இடிக்கும், நான் அதைவிட அதிகமாகவே செருகியிருந்தேன்.

எந்த ஜோடி சேர்ந்து இருக்கலாம், எது கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நெட்வொர்க்மேனேஜரும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டும் சேர்ந்து ஓடுவது சரிதான், அவர்கள் முதலாளியும் வேலையாளும். நெட்வொர்க்மேனேஜரும் ஐடபிள்யூடியும் சேர்ந்து ஓடலாம், ஆனால் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில் 'வைஃபை.பேக்எண்ட்=ஐடபிள்யூடி' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அது சப்ளிகன்ட்டை எழுப்பும், சண்டை ஆரம்பம். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற இன்னொரு நிர்வாகி ஓடிக்கொண்டிருந்தாலும், வைஃபை கார்டைக் குறிக்கும் கோப்பு அதனிடம் இல்லாதவரை தொல்லை இல்லை. நெட்வொர்க்மேனேஜரும் கான்மேனும் ஒரே கார்டில் கூடவே கூடாது. தனியாக ஓடும் டிஹெச்சிபிசிடியும் நெட்வொர்க்மேனேஜரும் சேர்ந்தால் ஒரே கார்டுக்கு இரண்டு முகவரிகள் வந்து நிற்கும்.

இது லினக்ஸுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கார்டு தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வைஃபை நிரலைத் தருவார்கள். விண்டோஸுக்கும் சொந்தமாக ஒன்று இருக்கும். அந்த அமைப்புப் பெட்டியில் "வைஃபையை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருந்ததே, இந்த இழுபறிக்குத்தான் அது.

ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் நிறுத்தி, மறுதொடக்கத்தில் தானாக எழாதபடி டிஸேபிள் செய்த பிறகு என் லாக்கில் அந்த வரி வரவே இல்லை. எந்த மென்பொருளையும் புதிதாக நிறுவவில்லை.

சர்வீஸ் பட்டியலில் ஒருவர்தான் இருக்கிறார், வரியிலும் 'டிஆதென்டிகேட்டட்' என்றே வருகிறது என்றால் ரூட்டர் பக்கம் போக வேண்டும். அல்லது சிக்னலைப் பாருங்கள். 'ஐடபிள்யூ டெவ்' கட்டளையோடு கார்டின் பெயரையும் 'லிங்க்' என்ற சொல்லையும் சேர்த்தால் அளவு கிடைக்கும். மைனஸ் 50 டிபிஎம் அருமை, மைனஸ் 67 வரை நிம்மதி, மைனஸ் 80-க்குக் கீழே போனால் எந்த நிர்வாகியாலும் காப்பாற்ற முடியாது.

## அறிகுறி: பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேட்கிறது

இதற்குக் குறைந்தது மூன்று முகங்கள் உண்டு.

பாஸ்வேர்டு உண்மையாகவே தப்பாக இருக்கலாம். சிரிக்காதீர்கள். லாக்கில் சப்ளிகன்ட் 'ஃபோர்வே ஹேண்ட்ஷேக் ஃபெயில்டு' என்று எழுதினால் பெரும்பாலும் அதுதான். ஃபோனில் பார்த்து அடிக்கும்போது பெரிய ஓவும் பூஜ்யமும் மாறிப்போவது சகஜம். நீளம் 8 முதல் 63 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்பதால், 7 எழுத்து அடித்தால் 'இணை' பொத்தானே உயிர்பெறாது.

பாஸ்வேர்டு சரி, ஃபோனில் அதே பாஸ்வேர்டு ஓடுகிறது என்றால், ரூட்டர் டபிள்யூபிஏ3-க்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு முறை அது. பழைய கார்டும் பழைய டிரைவரும் அதில் தடுக்கி விழும். டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த நிலையில் ரூட்டரை வைத்திருந்தாலும் சில கார்டுகள் முரண்டு பிடிக்கும். இணைப்பின் பாதுகாப்பு வகையைக் கையால் 'டபிள்யூபிஏ2 பர்சனல்' என்று வைத்துப் பாருங்கள். உடனே சேர்ந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஐடபிள்யூடிக்கு மாறினால் தீருமா என்று முயல்வது நியாயமான இடம் இது, ஏனென்றால் பாஸ்வேர்டு பேசும் ஆளே இங்கே மாறுகிறார்.

கல்லூரி, அலுவலக நெட்வொர்க் மட்டும் சேரவில்லை, இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகுதான் இப்படி என்றால், டபிள்யூபிஏ சப்ளிகன்ட் 2.10-உம் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3-உம் சேர்ந்து வந்த பதிப்பாக இருக்கலாம். உபுண்டு 22.04 வந்த புதிதில் இது பரவலாக வெடித்தது. பழைய முறையில் பேசும் சர்வர்களைப் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் ஏற்க மறுத்தது. சரியான தீர்வு சர்வரைப் புதுப்பிப்பது, அது நம் கையில் இல்லை. நிர்வாகியை மாற்றுவதால் எதுவும் ஆகாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்களிடம் லாக் வரியைக் காட்டுங்கள்.

## அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை

'ஐபி அட்ரஸ்' அடியுங்கள். வைஃபை கார்டுக்கு நேராக முகவரியே இல்லையா? ஐடபிள்யூடியைத் தனியாகப் போட்டவர்கள் முதல் நாளில் விழும் குழி இதுதான். அதன் கட்டளையான 'ஐடபிள்யூசிடிஎல்' பெருமையாக 'கனெக்டட்' என்று சொல்லும், முகவரி மட்டும் வராது. காரணம், சொல்லாமல் ஐடபிள்யூடி முகவரி வாங்காது. ஈடிசி அடைவில் 'ஐடபிள்யூடி' உள்ளே உள்ள 'மெயின்.கான்ஃப்' கோப்பில், 'ஜெனரல்' என்ற பகுதியின் கீழ் 'எனேபிள்நெட்வொர்க்கான்ஃபிகரேஷன்=ட்ரூ' என்று எழுதி, சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அப்படி எழுதிய பிறகு பெயர்களைத் தேட அது சிஸ்டம்டி-ரிசால்வ்டியை எதிர்பார்க்கும். அதையும் ஓடவிடுங்கள்.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் அது ரூட்டர் கொடுத்தது அல்ல. கேட்டுப் பார்த்து, யாரும் கொடுக்காததால் லேப்டாப் தானே வைத்துக்கொண்டது. நெட்வொர்க்மேனேஜர் என்றால் 45 நொடி காத்திருந்துவிட்டு இணைப்பையே கைவிடும். ரூட்டரில் எம்ஏசி முகவரி (கார்டின் அடையாள எண்) வடிகட்டி போட்டிருக்கிறீர்களா என்று ஒரு பார்வை பாருங்கள். தனியுரிமைக்காக லேப்டாப் வேறொரு எம்ஏசியைக் காட்டும் அமைப்பு இயங்கினால், ரூட்டருக்கு அது முன்பின் தெரியாத ஆள்.

முகவரி ஒழுங்காக இருக்கிறதா? '1.1.1.1'-க்கு பிங் அடியுங்கள். அது போய், தளத்தின் பெயருக்கு மட்டும் போகவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. ஈடிசியில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்தால், முன்பு நீக்கிய நிர்வாகி எழுதிவிட்டுப் போன வரிகள் அப்படியே கிடப்பதைப் பார்க்கலாம். வீட்டைக் காலி செய்தவர் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் போன கதை.

விடுதி, நிலையம் போன்ற இடங்களில் மட்டும் இப்படி ஆனால் உள்நுழைவுப் பக்கம் திறக்காததுதான் காரணம். நெட்வொர்க்மேனேஜர் அதைக் கண்டுபிடித்துத் திறக்க முயலும். கான்மேனும் ஓரளவு செய்யும். ஐடபிள்யூடியைத் தனியாக வைத்திருப்பவர்கள் பூட்டுக் குறி இல்லாத பழைய ஹெச்டிடிபி பக்கம் ஏதாவது ஒன்றைத் தாங்களே திறக்க வேண்டும். ஊர் ஊராகச் சுற்றும் லேப்டாப்புக்கு இது பெரிய வித்தியாசம்.

## அறிகுறி: மூடித் திறந்தால் வைஃபை இல்லை, அல்லது ஆமை வேகம்

மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். 'ஐடபிள்யூ டெவ்' கட்டளையில் கார்டின் பெயரோடு 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்று கொடுத்துப் பாருங்கள். வேகம் வந்தால் நிரந்தரமாக்கலாம். நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப்.டி' அடைவில் உபுண்டு ஒரு கோப்பு வைத்திருக்கும். அதில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பு 3 என்றால் சேமிப்பு இயக்கத்தில் உள்ளது, 2 என்றால் அணைந்துள்ளது. 0, 1 என்று இல்லாமல் ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு எண்களுக்கும் வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்.

தூங்கி எழுந்த பிறகு கார்டே காணவில்லை என்றால், 'எல்எஸ்பிசிஐ' காட்டிய டிரைவரை 'மோட்ப்ரோப் மைனஸ் ஆர்' போட்டு இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். அதில் உயிர் வந்தால் கோளாறு டிரைவருடையது. கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள், நிர்வாகியை விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: லாகின் செய்தால்தான் வைஃபை வருகிறது

இது கோளாறே இல்லை. பாஸ்வேர்டு உங்கள் பயனர் கணக்கின் சாவிப்பெட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் உள்ளே வராமல் அது திறக்காது. இணைப்பின் அமைப்பில் எல்லாப் பயனர்களுக்கும் என்ற தேர்வை வையுங்கள். அப்போது பாஸ்வேர்டு, ரூட் என்ற நிர்வாகக் கணக்கு மட்டும் படிக்கக்கூடிய கோப்பில், மறையாக்கம் இல்லாமல் உட்காரும். அது சம்மதம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

கணினி தொடங்கவே இரண்டு நிமிடம் ஆகிறது என்றால் வேறு கதை. 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' பட்டியலில் நெட்வொர்க்டியின் 'வெயிட்-ஆன்லைன்' நிற்கிறதா பாருங்கள். அது இணைப்புக்காக 120 நொடி வரை காத்திருக்கும். நெட்வொர்க்டியை நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் அந்த சர்வீஸை அணைத்துவிடலாம்.

## அறிகுறி: பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, என்னுடையது மட்டும் தெரியவில்லை

எந்தெந்தச் சேனல்களைப் பயன்படுத்தலாம் என்று கார்டுக்குச் சொல்லும் நாட்டுக் குறியைப் பாருங்கள். 'ஐடபிள்யூ ரெக் கெட்' எந்த நாட்டைக் காட்டுகிறது? அமெரிக்கக் குறி இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13-ஆம் சேனல்களைக் கார்டு கண்டுகொள்ளாது. ரூட்டர் தானாக 13-க்குப் போய் உட்கார்ந்தால் உங்களுக்கு மட்டும் அது மறைந்துவிடும். ரூட்டரில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக வையுங்கள்.

## சரி, இப்போது எதைத்தான் வைப்பது?

குனோம், கேடிஇ மாதிரி முழு டெஸ்க்டாப் பயன்படுத்தினால் நெட்வொர்க்மேனேஜர். விபிஎன், மொபைல் டேட்டா, ஹாட்ஸ்பாட், உள்நுழைவுப் பக்கம் எல்லாம் ஒரே இடத்தில் அடங்கும், டெஸ்க்டாப்பின் வைஃபை பெட்டியும் அதனிடம் பேசத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டி வெறும் ஓவியம். கனமாக இருக்கிறது என்று சிலர் குறைசொல்வார்கள். இன்றைய லேப்டாப்பில் அந்தக் கனம் தெரியாது. டெஸ்க்டாப் இல்லாவிட்டாலும் 'என்எம்டியூஐ' என்ற எழுத்துத் திரை இருக்கிறது, அம்புக்குறி விசைகளாலேயே எல்லாம் முடியும்.

வெறும் விண்டோ மேனேஜர், இரண்டு மூன்று தெரிந்த நெட்வொர்க், விபிஎன் தனியாகப் பார்த்துக்கொள்வேன் என்பவருக்கு ஐடபிள்யூடி அருமை. சட்டென்று இணையும், அமைப்புக் கோப்பு நான்கு வரிதான். கான்மேன் சிறிய கருவிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நினைவகம் மிகக் குறைந்த பழைய லேப்டாப்பில் பொருந்தும், மற்றபடி நான் தேடிப் போகமாட்டேன்.

விக்ட் என்று இன்னொரு நிர்வாகி இருந்தது. பழைய வழிகாட்டிகள் பலவும் இன்னும் அதைத்தான் பரிந்துரைக்கின்றன. நல்ல மென்பொருள்தான், ஆனால் பைத்தான் 2-ஐ நம்பி நின்றது. 2020 ஜனவரியில் பைத்தான் 2-இன் ஆதரவு முடிந்ததும் அதன் கதையும் முடிந்தது. டெபியன் 11-இல் அது இல்லை. அதை வைத்திருப்பவர்கள் மேம்படுத்தும் முன்பே வேறொன்றுக்கு மாறிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுதொடக்கத்துக்குப் பிறகு இணைப்பே இல்லாமல் உட்கார வேண்டிவரும்.

மாற்றுவது என்று முடிவுசெய்தால் வரிசை முக்கியம். இணையம் இருக்கும்போதே புதியதை நிறுவிவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பழையதில் சேமித்தவை புதியதற்குத் தாமாக வராது. வைஃபை போனால் ஃபோன் வழியாக இணையம் வாங்க, யூஎஸ்பி கேபிளும் ஃபோனும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் பழையதை நிறுத்தி, டிஸேபிள் செய்யுங்கள். ஐடபிள்யூடிக்குப் போகிறவர்கள் டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டை யார் கூப்பிட்டாலும் எழாதபடி 'மாஸ்க்' செய்தே ஆக வேண்டும். வெறும் டிஸேபிள் போதாது, வேறு நிரல், நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும். இதற்குப் பிறகே புதியதை எனேபிள் செய்து தொடங்குங்கள்.

பழைய பொதியை அன்றே நீக்கிவிடாதீர்கள். ஒருமுறை மறுதொடக்கம், ஒருமுறை மூடித் திறத்தல், ஒருமுறை ரூட்டரை அணைத்துப் போடுதல். மூன்றிலும் தானாக இணைந்து, லாக்கில் 'பை லோக்கல் சாய்ஸ்' வரிசைகட்டி நிற்கவில்லை என்றால் நீக்கலாம்.